கோடு நடுங்கினால் திருத்தலாம்

எனக்குக் கை நடுங்கும். பிறந்ததிலிருந்தே அப்படியா, இடையில் வந்ததா என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கிளாஸில் தேத்தண்ணி வாங்கினால் கொஞ்சமாவது கீழே சிந்தாமல் வாய்க்கு வராது. ஊசியில் நூல் கோர்க்க என்னால் முடிந்ததேயில்லை. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு அம்மா என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லிப் பார்த்தார். "சில பேருக்கு இப்படி இருக்கும், பயப்பட ஒண்ணுமில்ல, பழகிக்கணும்" என்றார்.

நான் பழகிக்கொண்டேன். மற்றவர்கள்தான் பழகவில்லை. நான் எதைத் தொட்டாலும் யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்கள். "குடு புள்ள, நான் செய்றேன்." தண்ணீர்க் குடம், கத்தி, சாமி விளக்கு, கல்யாண வீட்டில் பன்னீர்ச் செம்பு. எல்லாரும் அன்பாகத்தான் பிடுங்குவார்கள். அன்பாகப் பிடுங்குகிறவர்களோடு சண்டை போட வழியில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, தெமோதரைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில். அப்பாவுக்கு ஃபெக்டரியில் வேலை. அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். நான் படித்தது தொண்ணூறுகளில், பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். எனக்குப் படம் வரையப் பிடிக்கும். நன்றாக வரைந்தேன் என்று சொல்லவில்லை, பிடிக்கும். பார்த்ததைத் தாளில் கொண்டுவர வேண்டும் என்ற அரிப்பு சின்னதிலிருந்தே இருந்தது. கை அதற்கு ஒத்துழைக்கவில்லை.

சித்திரப் பாடத்துக்கு ஆசிரியராக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு சேர் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒருநாள் மேசைமேல் ஒரு பூச்சாடியை வைத்து வரையச் சொன்னார். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பிள்ளை, கோடெல்லாம் நடுங்குது. உமக்குச் சித்திரம் சரிவராது. ஓ.எல். சோதனைக்கு நாள் கிடக்கு, இப்பவே சங்கீதத்துக்கு மாறும்."

"எனக்குப் பாட்டு வராதுங்க சேர்."

"பாட்டுக்குக் கை நடுங்கினாப் பரவாயில்லைத்தானே."

வகுப்பே சிரித்தது. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை, யோசனைதான் சொன்னார். நான் சங்கீதத்துக்குப் போனேன். என் குரலைக் கேட்ட சங்கீத டீச்சர் என்னைத் திரும்பச் சித்திரத்துக்கே அனுப்ப முடியுமா என்று பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் எப்படியோ ஓ.எல். பாஸ் பண்ணினேன். ஏ.எல். எழுதினேன், பல்கலைக்கழகக் கெம்பஸ் போகிற அளவுக்கு மார்க் வரவில்லை. அதற்குப் பிறகு வரைவதை விட்டுவிட்டேன். விட்டேன் என்று சொல்வதும் பெரிய பேச்சு. பென்சிலைத் தொட்டாலே அந்தச் சிரிப்புக் கேட்டது, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பண்டாரவளையில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கொம்யூனிக்கேஷன் கடை. வெளிநாட்டுக்கு டெலிபோன் பேசலாம், போட்டோக் கொப்பி எடுக்கலாம், கடிதம் டைப் செய்து வாங்கலாம். மூலையில் ஒரு கம்பியூட்டரில் இன்டர்நெட்டும் இருந்தது. கடையை நடத்தியவர் ஒரு அக்கா. நாற்பது தாண்டியவர், புருஷன் டுபாயில், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

வேலை கேட்டுப் போன அன்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். "அக்கா, எனக்குக் கை நடுங்கும்."

"டைப் பண்ணுவியா?"

"பண்ணுவேன். பிழை விழும். அழிச்சு அழிச்சுத்தான் அடிப்பேன்."

"எனக்குக் கடைசில கையில வர்ற கடதாசிதான் கணக்கு. அதுக்கு முன்னாடி நீ எத்தன தடவ அழிச்சா எனக்கென்ன" என்றார். அடுத்த நாளே வரச் சொன்னார்.

எல்ல என்கிற பக்கத்து ஊருக்கும் பண்டாரவளைக்கும் சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கு மெயில் அனுப்ப எங்கள் கடைக்கு வருவார்கள். ஒருநாள் ஒரு பெடியன் எழுந்து போகும்போது பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தை மூடாமல் போய்விட்டான். திரையில் சின்னச் சின்னப் படங்கள். ஒரு மீன்காரன், ஒரு பாலம், மழையில் நனையும் ஒரு நாய். ஒவ்வொன்றும் தபால் முத்திரை அளவுதான் இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தேன். எல்லாம் சதுரப் புள்ளிகள். கம்பியூட்டரில் தெரிகிற எந்தப் படமும் இப்படிப் பிக்சல் என்கிற புள்ளிகளால் ஆனதுதான். ஆனால் இந்த ஆட்கள் ஒவ்வொரு புள்ளியையும் தாங்களே தனித்தனியாக வைத்திருந்தார்கள். நாயின் கண்ணுக்கு ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியில் அது பாவமாய்ப் பார்த்தது.

இதில் கோடு இழுக்க வேண்டியதில்லை, புள்ளி வைத்தால் போதும் என்று எனக்கு உடனே தோன்றியது. மத்தியானம் கடை காய்ந்து கிடந்த நேரம் படம் வரைகிற செயலியைத் திறந்து, பெரிதாக்கிப் பார்த்து, மௌஸைப் பிடித்தேன். மௌஸ் என் கையோடு சேர்ந்து நடுங்கியது. நினைத்த இடத்துக்குப் பக்கத்தில், அதற்கும் பக்கத்தில், எங்கெங்கோ புள்ளி விழுந்தது. பூச்சாடியே தேவலை.

எனக்கு வழி காட்டியது என் நடுக்கம்தான். கோபத்தில் கீபோர்டில் கையை வைத்தபோது விரல்கள் எதை எதையோ ஒன்றாக அழுத்திவிட்டன. ஒரு சத்தம் வந்தது, ஒரு பெட்டி திறந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. என்டரைத் தட்டினேன். அதற்குப் பிறகு வலது பக்கத்து எண் விசைகளை அழுத்தினால் திரையில் அம்பு நகர்ந்தது. ஆறை அழுத்தினால் வலப்பக்கம், எட்டை அழுத்தினால் மேலே, ஐந்தை அழுத்தினால் புள்ளி விழுந்தது. மௌஸ் பிடிக்க முடியாதவர்களுக்கென்று யாரோ அதற்குள் செய்து வைத்திருந்த வசதி என்று பிறகுதான் தெரிந்தது. மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு ஒரு விரலால் தட்டினேன். அம்பு ஆடாமல் போய் நின்றது. நான் நினைத்த சதுரத்தில், நினைத்த நிறம்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் போகும்போது யாரைப் பார்த்தாலும் சண்டைக்குப் போகலாம் போல ஒரு தைரியம் இருந்தது.

முதலில் வரைந்தது எங்கள் லயத்து வாசலில் கட்டிக் கிடக்கும் ஆடு. செய்து முடிக்கப் பல நாளானது. முடித்ததும் எனக்கு அது உலகத்திலேயே சிறந்த ஆடாகத் தெரிந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "நாயா?" என்றார்.

"ஆடு."

"இந்தப் பொட்டு வைக்கிற வேலைய வாடிக்கைக்காரங்க இல்லாத நேரத்துல மட்டும் வச்சுக்க. இன்டர்நெட்டுல கிடக்காத. போன் லைன் அடைபட்டுப் போகுது."

அதனால் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். வரைவது இன்டர்நெட் இல்லாமல். காலையில் கடை திறந்து ஆட்கள் வருவதற்கு முன்னால் சில நிமிஷம் மட்டும் லைனைப் போட்டு, அந்தப் புள்ளிப் படங்களைப் போட்டு ஒருவருக்கொருவர் குறை நிறை சொல்கிற இணையத் தளத்தில் படத்தைப் பதிவேன். மறுநாள் காலை பதில்களை எடுத்து, போட்டோக் கொப்பியில் வீணாய்ப் போன தாள்களின் பின்பக்கத்தில் அச்சடித்துக்கொள்வேன். கடையில் மொழிபெயர்ப்பு வேலைக்காக ஒரு தடித்த அகராதி கிடந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாய்ப் படிப்பேன். சொந்தப் பெயரைக் கொடுக்காமல் ஒரு புனைபெயரில்தான் அங்கே சேர்ந்திருந்தேன்.

ஆட்டுக்கு வந்த பதில்களில் நீளமானதை எழுதியவர் பின்லாந்துக்காரர். ஆணா பெண்ணா என்பதுகூட எனக்கு வெகுநாள் தெரியாது. அவர் எழுதியதன் சாரம் இது: "வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? உனக்கே தெரியவில்லை. ஓரமெல்லாம் கறுப்பாக்கி நடுவில் வெள்ளை வைத்திருக்கிறாய். ஆடு தலையணை மாதிரி உப்பியிருக்கிறது. பச்சை நிறம் மட்டும் இத்தனை எதற்கு? பாதிக்கு மேல் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை. கடைசியாக, முதுகுக் கோடு நடுங்குகிறது."

கடைசி வரியைப் படித்ததும் தாளைக் கசக்கினேன். பூமியின் அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒரு ஆளுக்கு, என் கையைப் பார்க்காத ஆளுக்கு, அதுவும் தெரிந்துவிட்டதா? குப்பைக் கூடையில் போட்டேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போய் எடுத்து விரித்தேன். அந்த வரிக்குக் கீழே அவர் இன்னும் எழுதியிருந்தார்.

"சரிவான கோடு படிக்கட்டு மாதிரி. படிகள் ஒழுங்காக நீள வேண்டும், ஒழுங்காகக் குறுக வேண்டும். நீ மூன்று புள்ளி, பிறகு ஒன்று, பிறகு நான்கு, பிறகு இரண்டு என்று வைத்திருக்கிறாய். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வைத்துப் பார். புதிதாகத் தொடங்குகிற எல்லாரும் செய்கிற பிழைதான்."

எல்லாரும் செய்கிற பிழை. அதை எத்தனை தரம் வாசித்தேனோ. கோடு நடுங்குகிறது என்று அதுவரை என்னிடம் சொன்ன எல்லாரும் என்னைப் பற்றித்தான் சொன்னார்கள். இந்த ஆள் கோட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். கோடு நடுங்கினால் திருத்தலாம், இன்ன இடத்தில் இன்ன புள்ளியை நகர்த்தினால் போதும் என்று சொல்லியிருந்தார். அப்போதே உட்கார்ந்து முதுகைத் திருத்தினேன். படிப்படியாக இறங்கி வாலுக்குப் போனது. அழகான, வழவழப்பான முதுகு. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இப்ப ஆடுதான்" என்றார்.

அதற்குப் பிறகு பிடித்தது பைத்தியம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நான் அதுவரை எதைப் பார்த்தும் கேட்டதில்லை. காலையில் பஸ்ஸுக்கு இறங்கிப் போகிற பாதையில் நின்று நின்று பார்த்தேன். தேயிலைச் செடியின் மேல்தட்டு ஒரு நிறம், பக்கம் வேறு நிறம், இரண்டு நிரைக்கு நடுவில் இருட்டு. அந்த இருட்டும் கறுப்பில்லை, நீலம் கலந்தது. பக்கத்து மலைக்குப் பத்துப் பச்சை வேண்டும் என்று நினைத்திருந்தேன், மூன்று போதும். மூடுபனிக்குப் பின்னால் நிற்கிற மலைக்கு ஒன்றே போதும். நான் நடுவழியில் நிற்பதைப் பார்த்து வேலைக்குப் போகிற பெண்கள், "என்னா புள்ள, என்னத்தத் தொலைச்ச?" என்று கேட்பார்கள்.

அந்தத் தளத்தில் மற்றவர்கள் வரைந்ததை எடுத்துப் பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து, அதே மாதிரி வைத்துப் பழகினேன். எங்கே நிறம் மாறுகிறது, ஏன் அங்கே மாறுகிறது என்று யோசித்தேன். பதிவதற்காக இல்லை, படிப்பதற்கு. மற்றவர்கள் படத்துக்கு வருகிற பதில்களையும் விடாமல் வாசித்தேன். அடுத்தவருடைய பிழையில் நம்முடைய பிழை நன்றாகத் தெரியும். கொஞ்ச நாளில் நானும் பதில் எழுதத் தொடங்கினேன். என் ஆங்கிலம் ஓட்டை. ஆனால் "நிழல் பிழை, சூரியன் இடது பக்கம்" என்று சொல்ல எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?

இரண்டு மூன்று வருஷம் இப்படி ஓடியது. பின்லாந்துக்காரர் என்னை விட்டதேயில்லை. ரயில் வரைந்தேன், சக்கரம் தரையில் பதியவில்லை என்றார். மழை வரைந்தேன், இது மழையில்லை, கீறல் என்றார். ஒருமுறை "இதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்று மட்டும் எழுதினார். அன்று நான் அக்காவுக்கு வடை வாங்கிக் கொடுத்தேன்.

பிறகுதான் நானே போய் வினையை வாங்கினேன். அந்தத் தளத்தில் யாரோ, நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள், என்ன கருவி, என்ன பழக்கம் என்று ஒரு பேச்சைத் தொடங்கியிருந்தார்கள். ஆளாளுக்கு எழுதினார்கள். நானும் எழுதினேன். கை நடுங்கும், மௌஸ் பிடிக்க வராது, எண் விசையில்தான் வரைகிறேன், உங்களில் யாருக்காவது மணிக்கட்டு வலி இருந்தால் இதைப் பாருங்கள், வசதியான முறை என்று. உபயோகமான தகவல் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

அடுத்த படத்தைப் பதிந்தேன். கொழுந்து நிறுக்கிற மடுவம். பின்னேரம் பெண்கள் சாக்கோடு வரிசையில் நிற்பார்கள், தராசு தொங்கும், கணக்கப்பிள்ளை நிறுத்து எழுதுவார். அவசரமாக முடித்த படம் அது. முன்னால் நின்ற பெண்ணின் சாக்குக்கு நிழல் ஒரு பக்கம் விழுந்தது, தராசின் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தது. ஒரு காலும் சரியில்லை. எனக்கே தெரியும், எங்கே திருத்துவது என்று கேட்கத்தான் பதிந்தேன்.

மறுநாள் பதில்கள் குவிந்திருந்தன. அதுவரை என் எந்தப் படத்துக்கும் அவ்வளவு வந்ததில்லை. "அற்புதம்." "என்ன மனவுறுதி!" "உன்னைப் பார்த்து எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது." "உன் கதை என்னை அழவைத்தது." கீழே இறக்கிக்கொண்டே போனேன். பின்லாந்துக்காரரும் எழுதியிருந்தார். ஒரே சொல். "பிரமாதம்."

நிழல் இரண்டு பக்கம் விழுகிறது. அவருக்கு அது தெரியாமல் இருக்குமா? சக்கரம் தரையில் பதியவில்லை என்று கண்டுபிடித்த ஆள்!

குடு புள்ள, நான் செய்றேன். அதே குரல்தான். ஆங்கிலத்தில் வந்திருந்தது, அவ்வளவுதான். அன்று காலை ஆட்கள் வரத் தொடங்கிய பிறகும் நான் லைனைத் துண்டிக்கவில்லை. அக்கா கத்தினார். "ரெண்டு நிமிஷம் அக்கா" என்று சொல்லிவிட்டு அகராதியும் பார்க்காமல் எழுதினேன்.

"என் கைதான் நடுங்கும். கண் நடுங்காது. இந்தப் படத்தில் நிழல் பிழை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். போன மாதம் இதே பிழையை நான் செய்திருந்தால் கிழித்திருப்பீர்கள். இப்போது பாராட்டுகிறீர்கள் என்றால் நீங்கள் என் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள். எனக்காக அழ ஆள் வேண்டாம். வேண்டியமட்டும் ஊரில் இருக்கிறார்கள். படத்தைப் பாருங்கள். பார்க்க முடியாதவர்கள் பேசாமல் இருங்கள்."

அனுப்பிவிட்டு எழுந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். "யாரோட சண்ட?"

"பின்லாந்தோட."

"காசு எதும் தரணுமா அவங்களுக்கு?"

"இல்லக்கா."

"அப்ப நல்லாப் போடு."

அடுத்த இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு ஒன்றிரண்டு வந்தன. நன்றி கெட்டவள் என்று ஒருவர். நல்லதுக்குச் சொன்னால் கோபம் வருகிறதே என்று இன்னொருவர். சிலர் அதற்குப் பிறகு என் படங்களின் பக்கமே வரவில்லை, இன்றுவரை. எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருந்தது. ஆனாலும் எழுதியதை நான் அழிக்கவில்லை.

பின்லாந்துக்காரரின் பதில் அந்த வாரக் கடைசியில் வந்தது. மன்னிப்பு, விளக்கம் எதுவுமில்லை. முதல் வரி: "இரண்டு சூரியன் வைத்திருக்கிறாய்." அங்கிருந்து ஒரு முழுத் தாள். கால் முட்டிக்குக் கீழே உடைந்திருக்கிறது, சாக்குக்குப் பாரமே இல்லை, உள்ளே பஞ்சா இருக்கிறது, வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் ஒரே முகம், தராசு கொக்கியில் தொங்கவில்லை, ஆகாயத்தில் மிதக்கிறது. நான் கடையில் நின்று சத்தமாகச் சிரித்தேன். டெலிபோன் பெட்டிக்குள் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணாடி வழியாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மடுவத்தைத் திருத்த ஒரு மாதம் போனது. சாக்குக்குப் பாரம் வருவதற்கு அதை வரைந்து பிரயோசனமில்லை, தூக்குகிறவளின் தோளை இறக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விட்டது.

அதே காலத்தில்தான் பதுளையில் ஒரு மண்டபத்தில் விழா என்று என்னைத் தேடி இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். அக்கா பெருமையாக யாரிடமோ சொல்லியிருக்கிறார். குறையை வென்று சாதித்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம்.

"என் படத்தைச் செவத்துல மாட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

வந்தவர் கொஞ்சம் திகைத்தார். "படம் எதுக்கு தங்கச்சி? நீங்க மேடைக்கு வந்து நின்னாப் போதும். ஒங்களப் பாத்தாலே மத்தவங்களுக்கு ஒரு தெம்பு வரும்."

"படத்த மாட்டுங்க. வர்றவங்க பாத்துட்டு நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லட்டும். அப்ப வர்றேன்."

அதற்கு நிகழ்ச்சியில் நேரமில்லை என்றார்கள். எனக்கும் நேரமில்லை என்றேன். அவர்கள் போனதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு சால்வையாவது கிடைச்சிருக்கும். குளிருக்கு ஆகியிருக்கும்."

திருத்திய மடுவத்தை நிறத்தில் அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதுவரை அம்மாவுக்கு எதையும் காட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை, அம்மா வாசலில் இருந்தாள். தாளை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"மடுவமா?"

"ஆமா."

"முன்னாடி நிக்கிறது யாரு?"

"நீதாம்மா."

சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நல்லாத்தான் போட்டிருக்க. ஆனா நான் நாள் முச்சூடும் அங்கதானே நிக்கிறேன். வீட்டுச் செவத்துலயும் நான் சாக்கத் தூக்கிக்கிட்டு அங்கயே நிக்கணுமா?"

இத்தனை பேர் இத்தனை பிழை சொல்லியிருக்கிறார்கள், யாரும் இதைச் சொல்லவில்லை.

"அப்ப எப்படிப் போட?"

"சும்மா உக்காந்திருக்கிற மாதிரி போடு."

சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி. சொல்ல லேசு. அம்மாவை அன்று முழுக்கப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, சேலை முந்தானை மடியில் கிடக்க, இரண்டு கையும் மல்லாந்து தொடைமேல். எங்கேயும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை கடைக்குப் போய் அதை வரையத் தொடங்கினேன். முடித்துப் பதிந்தேன்.

இந்த முறை யாரும் தேன் தடவவில்லை. எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: படத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இது எந்த நாடு, இவள் யார் என்று எப்படித் தெரியும்? கையில் எதையாவது கொடு. ஒருவர் கூடையைக் கொடு என்றார். ஒருவர் கொஞ்சம் தேயிலையைக் கொடு, பார்த்ததும் புரியும் என்றார். இன்னொருவர் என் படத்தை எடுத்து, அம்மாவின் மடியில் ஒரு கூடையை வைத்து, திருத்திய படம் என்று பதிந்தே விட்டார். அந்தத் தளத்தில் அது வழக்கம்தான், தப்பில்லை. ஆனால் அந்தக் கூடையைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் எழுதினேன்: "நிழலைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்கிறேன். கோட்டைச் சொல்லுங்கள், கேட்கிறேன். கூடை கிடையாது. படத்தில் ஞாயிற்றுக்கிழமை. கையில் ஒன்றுமில்லை. அதுதான் படம்."

"அப்படியானால் யாருக்கும் புரியாது" என்று ஒருவர்.

"புரியாமல் போகட்டும்" என்று நான்.

பின்லாந்துக்காரர் எல்லாரும் பேசி முடிக்கும்வரை இருந்துவிட்டுத்தான் வந்தார். "கூடை வேண்டாம், சரி. ஆனால் கை ஒன்றுமில்லாமல் இருக்கிறது என்பதை நீ வரையவில்லை. இந்தக் கை எதையோ மறைக்கிறது. மூடியிருக்கிறது. திற."

அவர் சொன்னது சரி. அந்த அளவில் ஒரு கைக்கு எனக்குக் கிடைத்த இடம் கொஞ்சப் புள்ளிதான். அதில் கை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று காட்ட வேண்டும். விரலை வரைய இடமில்லை. வாரக்கணக்காக அந்த இரண்டு கையிலேயே கிடந்தேன். ஒரு புள்ளியை மேலே ஏற்றினால் யாசகம் கேட்கிற கை ஆகிவிடுகிறது. கீழே இறக்கினால் செத்த கை. உள்ளங்கை வெளிச்சமாக இருக்க வேண்டும், ஆனால் வாசலுக்கு வெளிச்சம் பக்கவாட்டில்தான் வருகிறது. கடைசியில் கையை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருந்த சேலையின் நிறத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினேன். கை தானாகத் திறந்தது.

பின்லாந்துக்காரர் பார்த்துவிட்டு, "சரி" என்று எழுதினார். கூடை வைத்தவர், "எனக்கு இன்னும் கூடைதான் பிடித்திருக்கிறது" என்று எழுதினார். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு போனில் விளையாடுகிற சின்ன விளையாட்டுகள் பெருகிய காலத்தில் அந்தத் தளத்தின் வழியாகவே எனக்கு வேலை வரத் தொடங்கியது. சின்ன மனிதர்கள், சின்ன மரங்கள், நடக்கிற, ஓடுகிற, விழுகிற ஆட்கள். சொந்தமாகக் கம்பியூட்டர் வாங்கினேன். லயத்தில் எங்கள் அறையான காம்பராவில் கரண்ட் வந்து வந்து போகும், அதற்கு ஏற்ற மாதிரி அடிக்கடி சேமித்துக்கொண்டு வேலை செய்யப் பழகினேன். வேலை கொடுத்தவர்கள் யாரிடமும் கையைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் படத்தை அச்சடித்து, கண்ணாடி போட்டு, வீட்டுச் சுவரில் மாட்டினேன். அம்மா முதல்நாள் தூரத்திலிருந்து பார்த்தாள். இரண்டாவது நாள் கிட்டப் போய்ப் பார்த்தாள். மூன்றாவது நாள் பக்கத்துக் காம்பரா அத்தையைக் கூட்டிவந்து காட்டினாள். அத்தை போனதும் என்னிடம் வந்தாள்.

"மூக்கு எனக்கு இவ்வளவு பெருசா இருக்கு?"

"மூக்கு ரெண்டே புள்ளிதாம்மா."

"ஒண்ணக் கொறையேன்."

"கொறைச்சா மூக்கே இருக்காது."

"அத்தையும் பெருசுன்னுதான் சொல்றா."

"அத்தைக்கு வேணுன்னா வேற படம் போட்டுத் தர்றேன். இந்த மூக்கத் தொட மாட்டேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மூக்கைப் பற்றிப் பஞ்சாயத்து நடந்தது. ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். மூக்கு அப்படியேதான் இருக்கிறது.